கொரோனா கணக்கும் ஏஐயும்: தாராவில என்கிட்ட அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பகல்ல அந்தேரில டேட்டா வேலை பாக்கறேன், சாயங்காலம் தாராவி 90 அடி ரோடு பக்கத்துல பத்தாவது பன்னெண்டாவது பசங்களுக்கு கணக்கு டியூஷன். அப்பா காலத்துலயே திருநெல்வேலி பக்கத்துல இருந்து மும்பை வந்த குடும்பம். 2020-ல இருந்தே டியூஷன் பசங்க, அவங்க அம்மாக்கள், எங்க சால்ல, அதாவது எங்க வரிசை வீட்டுக் குடியிருப்புல, இருக்கற அண்ணாச்சிகள்னு எல்லாரும் மாத்தி மாத்தி ஒரே மாதிரி கேள்வி கேக்கறாங்க, வாயால சொல்லி சொல்லி பாதி விட்டுப்போகுது, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன்.

கொரோனாவுக்கு மாடல் மாடல்னு சொல்றாங்களே, அது என்ன ஜோசியமா?

இல்லக்கா. நம்ம ஊர் கல்யாணத்துல தவசுப்பிள்ளை, அதாவது சமையல்காரர், வந்ததும் முதல்ல என்ன கேப்பாரு? எத்தன இலை விழும், காலைப் பந்தியா மதியப் பந்தியா, பொண்ணு வீட்டுக்காரங்க வெளியூரா உள்ளூரான்னு கேட்டுட்டு, இவ்ளோ அரிசி இவ்ளோ பருப்புன்னு லிஸ்ட் போடுவாரு. அவர் நாளைக்கு நடக்கப்போறத சொல்லல, நீங்க சொன்ன விஷயம் உண்மைன்னா இவ்ளோ வேணும்னு சொல்றாரு. அன்னிக்கு மழை கொட்டி பாதி பேர் வரலைன்னா சோறு மீறும், அதுக்காக அவருக்கு கணக்கு தெரியலன்னு யாரும் சொல்ல மாட்டோம். நோய் மாடலும் இதே வேலைதான். ஒருத்தர் ஒரு நாளைக்கு எத்தன பேர பாக்கறாரு, பாத்தா ஒட்டறதுக்கு எவ்ளோ வாய்ப்பு, எத்தன நாள் பரப்புவாரு, இத உள்ள குடுத்தா எத்தன பெட் வேணும், எப்ப வேணும்னு வெளிய வரும்.

எஸ்ஐஆர் மாடல்னு கொரோனா டைம்ல டிவில சொன்னாங்களே, அது எங்க இருந்து வந்துச்சு?

இந்த கேள்வி வந்தா மட்டும் நான் கொஞ்சம் நேரம் எடுத்துப்பேன், ஏன்னா இது நம்ம மும்பையோட கதை.

எஸ்ஐஆர்னா ஊர்ல இருக்கறவங்கள மூணு டப்பால போடறது. நோய் இன்னும் வராதவங்க, இப்ப வந்து மத்தவங்களுக்கு பரப்பறவங்க, வந்து முடிஞ்சவங்க. முடிஞ்சவங்கன்னா குணமானவங்களும் அதுல தான், இறந்தவங்களும் அதுல தான். முதல் டப்பால இருந்து ரெண்டாவதுக்கு எவ்ளோ வேகமா ஆள் போறாங்க, ரெண்டுல இருந்து மூணுக்கு எவ்ளோ வேகமா போறாங்க, இதுக்கு சமன்பாடு எழுதினா முடிஞ்சுது. இத 1927-ல வில்லியம் கெர்மாக், ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக்னு ரெண்டு பேர் எடின்பரோல இருந்து எழுதினாங்க. மெக்கென்ட்ரிக் அதுக்கு முன்னாடி இங்க இந்தியன் மெடிக்கல் சர்வீஸ்ல டாக்டர், கசௌலி பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ட நடத்தினவரு. கெர்மாக்குக்கு 1924-ல லேப் விபத்துல ரெண்டு கண்ணும் போயிடுச்சு, அதுக்கப்புறம் தான் இவ்ளோ கணக்கும் போட்டாரு, அத நெனச்சா எனக்கு இன்னும் மலைப்பா இருக்கு.

சரி, சமன்பாடு எழுதிட்டாங்க, சரியான்னு எத வச்சு பாத்தாங்க? பம்பாய் பிளேக். 1896-ல இங்க மாண்ட்வி பக்கம் ஆரம்பிச்ச பிளேக் வருஷா வருஷம் திரும்பி வந்துட்டே இருந்துச்சு, அதுல 1905 டிசம்பர்ல இருந்து 1906 ஜூலை வரைக்கும் வாரா வாரம் எத்தன பேர் செத்தாங்கங்கற கணக்கு, உச்சத்துல வாரத்துக்கு 900 சாவை ஒட்டி போன கணக்கு, அதுமேல அவங்க கோடு அப்படியே அழகா உக்காந்துச்சு. இன்னிக்கு உலகத்துல எந்த ஊர் காலேஜ்ல தொற்றுநோய் கணக்கு சொல்லிக்குடுத்தாலும் இதுல இருந்து தான் ஆரம்பிக்கறாங்க. அந்த படத்துல இருக்கற ஒவ்வொரு புள்ளியும் இந்த ஊர் சால்கள்ல செத்துப்போன மில் தொழிலாளி, மூட்ட தூக்கினவங்க, அவங்க வீட்டுப் புள்ளைங்க.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, இத என் பசங்க கிட்ட கண்டிப்பா சொல்வேன். அந்த பிளேக் பெரும்பாலும் மனுஷன்ல இருந்து மனுஷனுக்கு நேரா வரல, எலில இருந்து தெள்ளுப்பூச்சி வழியா வந்துச்சு. எஸ்ஐஆர்ல எலியும் இல்ல தெள்ளுப்பூச்சியும் இல்ல. ஆனாலும் கோடு பொருந்திடுச்சு! அப்ப கோடு பொருந்தறது வேற, உள்ள இருக்கற காரணம் சரியா இருக்கறது வேற. கீழ வர்ற பாதி கேள்விக்கு பதில் இதுல தான் இருக்கு.

ஆர் நாட் ரெண்டு, மூணுன்னா என்ன?

யாருக்கும் எதிர்ப்பு சக்தி இல்லாத ஊர்ல ஒரு நோயாளி சராசரியா எத்தன பேருக்கு குடுப்பாருங்கற நம்பர். தட்டம்மைக்கு 12-ல இருந்து 18 வரை சொல்வாங்க, முதல்ல வந்த கொரோனாவுக்கு ரெண்டரை மூணு. ஒண்ணுக்கு கீழ போனா நோய் தானா அடங்கும், ஒண்ணுக்கு மேலன்னா பரவும். ஆனா இது வைரஸோட நம்பர் மட்டும் இல்ல, நம்ம வாழற விதமும் உள்ள இருக்கு. ஒரு கோலில, அதாவது ஒரே ரூம்ல, எட்டு பேர் படுக்கற இடத்துலயும் ஆளுக்கொரு ரூம் இருக்கற இடத்துலயும் ஒரே வைரஸ் ஒரே நம்பர் தராது.

அப்ப தாராவியையும் பணக்காரங்க இருக்கற மலபார் ஹில்லையும் ஒரே டப்பால போட்டா கணக்கு தப்பாயிடாதா?

தப்பாகும், இத கேட்டது ஒன்பதாவது படிக்கிற பொண்ணு, சரியான கேள்வி. பழைய எஸ்ஐஆர்ல ஊர்ல யாரு வேணா யார வேணா பாக்கலாம்னு வச்சுக்கறாங்க, குழம்புல உப்பு கரைஞ்ச மாதிரி எல்லாம் கலந்துடுச்சுன்னு. நம்ம ஊர் அப்படி இல்லையே.

அதுக்குத்தான் வேற மாதிரி மாடல் இருக்கு, கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பொய் மும்பைய கட்டி அதுல ஒவ்வொரு ஆளையும் தனித்தனியா விடறது. 2020-ல ஐஐஎஸ்சி, டிஐஎஃப்ஆர்னு ரெண்டு ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரு ஐஐஎஸ்சி ஆளுங்களும் இங்க கொலாபால இருக்கற டிஐஎஃப்ஆர் ஆளுங்களும் சேர்ந்து இத பண்ணாங்க, பெங்களூருக்கு ஒண்ணு, மும்பைக்கு ஒண்ணு. ராஜேஷ் சுந்தரேசன், சந்தீப் ஜுனேஜா எல்லாம் அந்த டீம். மும்பைக்கு 1 கோடியே 24 லட்சம் பேர், 2011 சென்சஸ் கணக்கு. ஒவ்வொருத்தருக்கும் வயசு, வீடு, ஸ்கூல் இல்லன்னா ஆபீஸ், அது எவ்ளோ தூரம், இருக்கறது ஸ்லம்மா பில்டிங்கா, லோக்கல் ட்ரெயின்ல போறாரா இல்லையா எல்லாம் உள்ள இருக்கும். அப்புறம் லோக்கல திறந்தா என்ன ஆகும், ஆபீஸ்ல பாதி பேர் மட்டும் வந்தா என்ன ஆகும்னு மாத்தி மாத்தி ஓட்டி பாக்கலாம். கொரோனாவுக்கு முன்னாடி தினமும் 75 லட்சம் பேர் ஏறின ரயில் அது, நெஜ ஊர்ல திறந்து மூடி சோதனை பண்ண முடியாதுல்ல, பொய் ஊர்ல பண்ணலாம்.

இது வெறும் தியரி இல்லன்னு காட்டினது 2020 ஜூலைல எடுத்த ரத்தப் பரிசோதனை. மூணு வார்டுல கிட்டத்தட்ட 7000 பேர் ரத்தம் எடுத்து பாத்ததுல ஸ்லம்ல இருக்கறவங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ஏற்கனவே வந்துட்டு போன அடையாளம் இருந்துச்சு, ஸ்லம் இல்லாத இடத்துல 16 சதவீதம். ஒரே வார்டு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம், வித்தியாசத்த பாருங்க. அத படிச்ச அன்னிக்கு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா எங்க லைன்ல அந்த மே மாசம் வீட்டுக்கு வீடு காய்ச்சல் கசாயம்னு தான் போச்சு, டெஸ்ட் எடுத்தது ரெண்டு வீடோ மூணு வீடோ தான். அப்ப லிஸ்ட்ல வந்த நம்பர் எவ்ளோ, நடந்தது எவ்ளோ?

ஏஐயும் இந்த கணக்கு மாடலும் ஒண்ணா?

இல்ல. கணக்கு மாடல் காரணத்துல இருந்து ஆரம்பிக்கும்: ஒட்டினா பரவும், குணமானா நிக்கும்னு நாம சொல்லிக்குடுக்கறோம். ஏஐ, அதாவது மெஷின் லேர்னிங், டேட்டால இருந்து ஆரம்பிக்கும். லட்சம் உதாரணம் குடுத்தா அதுவே பேட்டர்ன் புடிச்சுக்கும், ஆனா ஏன்னு கேட்டா அதுக்கு தெரியாது. முன்னாடி பாக்காத ஒண்ணு வந்தா ஏஐ தடுமாறும். கணக்கு மாடல் என்னன்னா, நாம வச்ச அனுமானம் தப்புன்னா அந்த தப்பையும் அழகா வரைஞ்சு காட்டும். இப்ப ரெண்டையும் சேக்கறாங்க, எஸ்ஐஆர் சமன்பாட்ட அப்படியே வச்சுட்டு, நாளுக்கு நாள் மாறற பரவல் வேகத்த மட்டும் நியூரல் நெட்வொர்க்ங்கற ஏஐ டேட்டால இருந்து கத்துக்கட்டும்னு விடறாங்க. எனக்கு இந்த வழி தான் நம்பிக்கையா படுது, காரணமும் கையில இருக்கும், டேட்டாவும் பேசும்.

சைனால நோய் வந்தத ஏஐ முன்னாடியே கண்டுபிடிச்சிருச்சாமே?

கொஞ்சம் உண்மை. டொரோண்டோல புளூடாட்னு ஒரு கம்பெனி பல மொழி நியூஸயும் விமான டிக்கெட் டேட்டாவையும் மெஷின வச்சு படிக்குது, 2019 டிசம்பர் 31-லயே ஊஹான்ல என்னமோ நிமோனியான்னு அவங்க கஸ்டமர்களுக்கு சொல்லிட்டாங்க. பாஸ்டன்ல ஹெல்த்மேப்னு இன்னொண்ணு, அது டிசம்பர் 30. ஆனா அதே 30-ம் தேதி ப்ரோமெட்ங்கற டாக்டர்கள் நெட்வொர்க்ல மனுஷங்களே விஷயத்த போட்டுட்டாங்க. அந்த மெஷின் படிச்சதே மனுஷங்க எழுதினத தான், ஊஹான் டாக்டர்கள் யாரும் வாயே திறக்கலன்னா மெஷினுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?

இதுக்கு முன்னாடி கூகுள் ஒண்ணு பண்ணி பாத்துச்சு, 2008-ல கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ். ஜனங்க என்ன தேடறாங்கன்னு வச்சே ஃப்ளூ எவ்ளோ இருக்குன்னு சொல்றது. முதல்ல நல்லா பொருந்திச்சு, 2012-13 சீசன்ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கூட காட்டி விட்டுது. டிவில ஃப்ளூ ஃப்ளூன்னு சொன்னா காய்ச்சல் இல்லாதவனும் தேடுவான்ல. 2015-ல மூடிட்டாங்க.

எக்ஸ்ரேவ பாத்து ஏஐ கொரோனாவ சொல்லிடும்னாங்க, இருமல் சத்தத்த வச்சு கூட சொல்லும்னாங்க, என்னாச்சு?

ரெண்டும் நெனச்ச அளவுக்கு வரல. கேம்பிரிட்ஜ் ஆளுங்க முன்ன நின்னு 2020-ல வந்த இந்த மாதிரி ஆராய்ச்சி 2000-க்கு மேல தேடி எடுத்து, அதுல உருப்படியா 62-ஐ மட்டும் முழுசா அலசினாங்க, ஆஸ்பத்திரில பயன்படுத்தற நிலமைல ஒண்ணு கூட இல்லன்னு 2021-ல சொல்லிட்டாங்க. காரணம் கேட்டா வயிறு எரியும். பல பேர் கொரோனா இல்லாத எக்ஸ்ரேன்னு எடுத்தது சின்ன புள்ளைங்களோட எக்ஸ்ரே, கொரோனா எக்ஸ்ரே எல்லாம் பெரியவங்களோடது. அப்ப ஏஐ என்ன கத்துக்கும்? இது குழந்தை இது பெரியவர்னு பிரிக்க கத்துக்கும், மார்க்கு 97 சதவீதம் 98 சதவீதம்னு வரும், நாமளும் கை தட்டுவோம். பிளேக்ல எலிய விட்டுட்டு கோடு பொருந்தின அதே கதை தான்.

இருமல் விஷயமும் அப்படித்தான், இங்க கோரேகாவ் நெஸ்கோ கொரோனா சென்டர்ல கூட குரல வச்சு சோதனை பண்ணாங்க. அப்புறம் இங்கிலாந்துல பெரிய அளவுல கவனமா பண்ணி பாத்தப்போ, உங்களுக்கு காய்ச்சல் இருக்கா வாசனை தெரியுதான்னு சும்மா கேக்கறத விட குரல் மெஷின் ஒண்ணும் நல்லா சொல்லலன்னு வந்துச்சு.

அப்ப ஏஐ சுத்த வேஸ்டா சார்?

அய்யோ அப்படி சொல்லாதீங்க. பாரிசிட்டினிப்னு ஒரு மாத்திரை, மூட்டுவாதத்துக்கு குடுக்கறது. இது கொரோனாவுக்கு உதவலாம்னு 2020 பிப்ரவரிலயே லண்டன்ல பெனவலன்ட்ஏஐங்கற கம்பெனி கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க, ஏஐ ஆயிரக்கணக்கான ஆராய்ச்சி கட்டுரைய படிச்சு மருந்து, புரோட்டீன், நோய் எது எதோட சம்பந்தப்படுதுன்னு ஒரு வலை பின்னி வச்சிருந்துச்சு, அதுல இருந்து புடிச்சாங்க. ஆனா அப்படியே யாருக்கும் குடுக்கல, முறையா நோயாளிகள்கிட்ட சோதனை பண்ணி, நவம்பர்ல அமெரிக்காவுல அவசர அனுமதி, 2022 ஜனவரில உலக சுகாதார நிறுவனமே தீவிர நிலைல இருக்கறவங்களுக்கு குடுங்கன்னு சொல்லிடுச்சு. புரோட்டீன் எப்படி மடிஞ்சு இருக்குன்னு சொல்ற ஆல்ஃபாஃபோல்டுங்கற ஏஐ அடுத்தது, அத உருவாக்கினவங்களுக்கு 2024-ல வேதியியல் நோபல்ல பங்கு கெடச்சுது. ஏஐ எங்க நல்லா வேலை செஞ்சுதுன்னு பாத்தீங்கன்னா, அது சொன்னத சரி பாக்க பின்னாடி ஒரு லேபோ ஒரு சோதனையோ இருந்த இடத்துல.

2021-ல ரெண்டாவது அலை வந்தத ஏன் எந்த கணக்கும் சொல்லல?

இத கேக்கறவங்க பாதி பேர் அந்த ஏப்ரல்ல வீட்டுல ஒருத்தர இழந்தவங்க. எங்க பெரியப்பாவுக்கு ஆக்சிஜன் பெட் தேடி நானும் என் தம்பியும் ஒரு ராத்திரி முழுக்க ஆட்டோல அலைஞ்சோம், விடியற வரைக்கும் கெடைக்கல. அதனால இத நான் லேசா சொல்லிட்டு போக முடியாது.

அரசாங்கம் அமைச்ச கமிட்டில ஐஐடி பேராசிரியர்கள், கான்பூர் மணீந்திர அகர்வால், ஹைதராபாத் வித்யாசாகர் எல்லாம் சேர்ந்து சூத்ரான்னு ஒரு மாடல் வச்சிருந்தாங்க. 2020 அக்டோபர்ல உச்சம் செப்டம்பரோட முடிஞ்சுது, கட்டுப்பாடா இருந்தா 2021 பிப்ரவரிக்குள்ள கிட்டத்தட்ட அடங்கிடும்னாங்க. ரெண்டாவது அலை கிளம்பினதும் ஏப்ரல் நடுவுல உச்சம்னு சொன்னாங்க, ஆனா மே 6-ம் தேதி ஒரே நாள்ல 4 லட்சத்து 14 ஆயிரம் கேஸ். எங்க தப்பாச்சுன்னா, அந்த மாடல்ல பரவல் வேகம் நேத்து இருந்த மாதிரி நாளைக்கும் இருக்கும்னு வச்சுக்கறாங்க. நடுவுல டெல்டா வந்துடுச்சு, அதுவும் அந்த வகை வைரஸ் முதல்ல தெரிஞ்சதே நம்ம மகாராஷ்டிரா பக்கம் தான். வைரஸே மாறிட்டா பழைய வேகத்த வச்சு போட்ட கணக்கு என்ன பண்ணும்? வைரஸோட மரபணுவ படிக்கறதுக்கு இன்சாகாக்னு லேப் கூட்டமைப்பு அமைச்சதே 2020 டிசம்பர்ல தான். மாடல் போட்டவங்கள மட்டும் திட்டறதுல எனக்கு உடன்பாடு இல்ல, அவங்க தப்ப அவங்களே ஒத்துக்கிட்டாங்க. என் கோவம் என்னன்னா, பிப்ரவரில அடங்கிடும்ங்கறத மட்டும் பேசினோம், கட்டுப்பாடா இருந்தாங்கறத விட்டுட்டோம். தவசுப்பிள்ளை நூறு இலைன்னா இவ்ளோ போதும்னு சொன்னாரு, நாம ஆயிரம் பேர கூப்பிட்டுட்டோம்.

லண்டன்ல ஒருத்தர் லட்சக்கணக்குல சாவாங்கன்னு பயமுறுத்தினாரே, நடக்கலையே?

இம்பீரியல் காலேஜ் நீல் ஃபெர்குசன் டீம், 2020 மார்ச் 16. எதுவுமே செய்யலன்னா பிரிட்டன்ல 5 லட்சத்து 10 ஆயிரம், அமெரிக்காவுல 22 லட்சம்னு சொன்னாங்க. அதையும் பாத்து தானே அங்க எல்லாத்தையும் மூடினாங்க, அப்புறம் எப்படி அந்த நம்பர் வரும்? இது வானிலை மாதிரி இல்ல, மழை வரும்னு சொன்னா மேகம் கேட்டு தள்ளிப்போகாது, நாம கேட்டு வீட்டுல இருப்போம்.

சரி, செத்தவங்க கணக்காவது சரியா தெரியுமா?

இதுக்கும் மாடல் தான் போட வேண்டியிருக்கு, அது தான் எனக்கு ரொம்ப வலிக்கற விஷயம். 2020, 2021 ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து நம்ம நாட்டு அரசுக் கணக்கு 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கு பக்கம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாசம் போட்ட கணக்கு 47 லட்சம், அதாவது வழக்கமா சாகறவங்கள விட எவ்ளோ பேர் கூட செத்தாங்கங்கற மதிப்பீடு. அரசாங்கம் அத ஏத்துக்கல, முறையே சரியில்லன்னு சொல்லுச்சு. எந்த நம்பர் சரின்னு இங்க உக்காந்து நான் தீர்ப்பு சொல்லல. ஆனா இறப்பு ஒவ்வொண்ணும் காரணத்தோட பதிவாகி இருந்தா இந்த சண்டையே வந்திருக்காது. 1906-ல வெள்ளக்காரன் ஆட்சில பம்பாய்ல வாரா வாரம் எண்ணி வச்சான், அத வச்சு ஒரு சமன்பாடே பொறந்துச்சு. தாராவில எத்தன பேர் இருக்கோம்னு கேட்டா இன்னிக்கும் ஒருத்தர் 6 லட்சம்ங்கறாரு, இன்னொருத்தர் 10 லட்சம்ங்கறாரு. கீழ வகுக்கற எண்ணே தெரியலன்னா சதவீதம் எப்படி போடறது சொல்லுங்க? உங்க வீட்டுல யாராவது தவறினா ஊர்ல போய் பாத்துக்கலாம்னு விடாம இங்கயே முனிசிபாலிட்டில பதிஞ்சு காரணம் எழுதி வாங்குங்க, இத எல்லார்கிட்டயும் கெஞ்சி கேக்கறேன்.

சாக்கடைத் தண்ணில வைரஸ் பாக்கறாங்களாமே?

ஆமா, நல்ல விஷயம். டெஸ்ட் எடுக்க வராதவங்களும் கக்கூஸ் போவாங்கல்ல. போலியோவுக்கு மும்பைல 2001-ல இருந்தே இது நடக்குது.

சாட்பாட்கிட்ட கேட்டா அடுத்த பெருந்தொற்று எப்பன்னு சொல்லுமா?

சொல்லாது, சொன்னா நம்பாதீங்க. காய்ச்சல் மூணு நாள் விடலன்னா டாக்டர்கிட்ட போங்க.

என் பொண்ணு இதெல்லாம் படிக்கணும்ங்கறா, என்ன படிக்கணும்?

கணக்கு, புள்ளியியல், கொஞ்சம் உயிரியல், பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழி. ஆனா காலேஜ் வரைக்கும் காத்திருக்க வேணாம், எக்செல் போதும். 1000 பேர் இருக்கற ஒரு கல்லி, அதாவது ஒரு சந்துன்னு வச்சுக்கோங்க, ஒருத்தருக்கு நோய். ஒரு நாளைக்கு புதுசா வர்றவங்க எண்ணிக்கை: 0.4 பெருக்கல் இப்ப நோயா இருக்கறவங்க பெருக்கல் இன்னும் வராதவங்க, வகுத்தல் 1000. குணமாகறவங்க: இப்ப நோயா இருக்கறவங்கள்ல அஞ்சுல ஒரு பங்கு. புதுசா வந்தவங்கள வராதவங்க கணக்குல கழிச்சு நோயாளி கணக்குல கூட்டணும், குணமானவங்கள நோயாளி கணக்குல கழிக்கணும், இத ஒரு வரிசைல எழுதி கீழ 100 நாளுக்கு இழுத்து விட சொல்லுங்க. முதல் பத்து நாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், ஒரு மாசம் தாண்டினதும் ஒரே நேரத்துல 150 பேருக்கு மேல படுத்திருப்பாங்க, கடைசில சுமார் 800 பேருக்கு வந்துட்டு போயிருக்கும். இப்ப அந்த 0.4-ஐ மட்டும் 0.3-ன்னு மாத்த சொல்லுங்க, அதாவது நாலுல ஒரு சந்திப்ப குறைச்சா போதும், உச்சம் 150-ல இருந்து 60 சொச்சத்துக்கு இறங்கிடும். ஆஸ்பத்திரில பெட் கெடைக்கறதுக்கும் கெடைக்காததுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் அவ்ளோதான். வீட்டுல கம்ப்யூட்டர் இல்லன்னா சனிக்கிழமை அஞ்சு மணிக்கு மேல கூட்டிட்டு வாங்க, என் லேப்டாப்ல நானே பக்கத்துல உக்காந்து போட வைக்கறேன், ஃபீஸ் எல்லாம் வேணாம்.